மதியம் ஒன்றரை மணிக்கு மீட்டிங் வைக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உடற்பயிற்சி பற்றி வருகிற கட்டுரைகள் எல்லாம் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடக்கூடியவர்களுக்காகவே எழுதப்படுகின்றன போலிருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, ஒன்பதரைக்குள் அலுவலகம் வந்து, இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவர்களுக்கு நாளில் மிச்சம் இருப்பது மதிய இடைவேளை ஒன்றுதான். டிபன் பாக்ஸைத் திறந்து நிதானமாகச் சாப்பிட்டாலும் இருபது நிமிடம் போதும். மீதி நேரம் செல்போனில் போகிறது, இல்லையென்றால் சரியாக ஒன்றரை மணிக்கு யாராவது ஒரு மீட்டிங் வைத்துவிடுகிறார்கள்.

சாப்பிட்டதும் குறுநடை போடச் சொல்வது சித்த வைத்தியத்தில் பழைய பேச்சு. இன்றைய மருத்துவமும் அதையே சொல்கிறது. சோறு சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, நடந்தால் கால் தசைகள் அதில் ஒரு பங்கை எடுத்துச் செலவழித்துவிடுகின்றன, அவ்வளவுதான் கணக்கு. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது, ஆகவே இது யாரோ சிலருடைய பிரச்சினை என்று தள்ளிவிடவும் முடியாது. பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முன்பெல்லாம் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்றார்கள், 2020இல் அந்த நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். வாரத்தில் ஐந்து நாள், மதியம் இருபது நிமிடம் சற்று வேகமாக நடந்தால் 100 நிமிடம் ஆயிற்றே!

எங்கள் கோவையில் இதற்கு வசதி இல்லை என்று சொல்ல முடியாது. ரேஸ்கோர்ஸ் நடைபாதை ஒரு சுற்று ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர், காலையிலும் மாலையிலும் கூட்டம் தாங்காது, ஆனால் சுற்றிலும் அத்தனை அலுவலகங்கள் இருந்தும் மதியம் பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கிறது. முழுச் சுற்று போக வேண்டியதில்லை, பத்து நிமிடம் போய்த் திரும்பினால் சரி. ஷூ வேண்டாம், காலில் இருக்கிற செருப்பே போதும், பேசிக்கொண்டே நடக்கிற வேகத்தில் போனால் சட்டை நனையும் அளவுக்கு வியர்க்கவும் வியர்க்காது. சித்திரை வெயிலில் வெளியே போகச் சொல்லவில்லை. அப்போது கட்டடத்துக்குள்ளேயே நீளமான வராண்டா, நிழலான வண்டி நிறுத்தும் இடம், மாடிப்படி. படி ஏறுவதை மட்டும் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஐந்து மாடி ஏறினால் நெஞ்செரிச்சல்தான் மிச்சம். இதய நோய் உள்ளவர்களும் இன்சுலின் போடுகிறவர்களும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரு விஷயம். இந்தக் கடிதம் கிராஸ்கட் ரோடு ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டே சேலை எடுத்துப் போடுகிற பெண்களுக்கு அல்ல. அவர்களுக்கு இடைவேளையில் வேண்டியது கால் நீட்டி உட்கார ஓர் இடம். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டத்தைத் திருத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்வதெல்லாம் எங்களைப் போல உட்கார்ந்தே தேய்கிற கூட்டத்துக்கு.

சோம்பேறித்தனம்தான் காரணம் என்று ஊழியர்கள் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. இடைவேளையில் நடந்துவிட்டு வருகிறவரை 'வேலை இல்லையா?' என்று கேட்கிற மேலதிகாரி, சீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டு மெயில் பார்க்கிறவரைப் பாராட்டுகிறார். மத்திய ஆயுஷ் அமைச்சகம் அலுவலகத்தில் செய்ய ஐந்து நிமிட யோகாவுக்கென்றே 2021இல் செயலி வெளியிட்டது, நல்ல விஷயம்தான், ஆனால் எழுந்து நின்று கையை உயர்த்தினால் அக்கம்பக்கத்தில் சிரிப்பார்களே என்ற கூச்சத்துக்குச் செயலியில் என்ன மருந்து இருக்கிறது? மேலாளரே நாலு பேரைக் கூட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பினால் அந்தக் கூச்சம் ஒரு வாரத்தில் போய்விடும்.

இதற்காக யாரும் ஜிம் கட்டித் தர வேண்டாம். நாலு மணி நேரம் வேலை செய்தவருக்கு ஒரு மணி நேர ஓய்வு என்று 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்திலேயே இருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் மீட்டிங் வைக்காமல் இருங்கள். அப்புறம், அட்டைப் பெட்டிகளை அடுக்கி விளக்கையும் அணைத்து வைத்திருக்கிற மாடிப்படியைக் கொஞ்சம் காலி செய்து விடுங்கள், தீ விபத்து நேர்ந்தால் எல்லோரும் இறங்க வேண்டிய வழியும் அதுதான்.

இப்படிக்கு,
தனியார் அலுவலக ஊழியர் ஒருவர்,
கோயம்புத்தூர்.