ஜூன்டீன்த் பந்தலுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

ஃபோர்ட் பென்ட் கவுன்டி, டெக்சாஸ்

அன்புடையீர், வணக்கம்.

டெக்சாஸில் அடிமைமுறையிலிருந்து கிடைத்த விடுதலையை ஜூன் 19 அன்று நினைவுகூரும் ஜூன்டீன்த் விழா இந்த ஆண்டு நம் கவுன்டியில் நடந்தபோது தண்ணீர்ப் பந்தல், நிழல் கூடாரங்கள், முதலுதவி, குப்பை அகற்றுதல் ஆகிய நான்கு வேலைகளை நம் தமிழ்த் தொண்டர் குழுவிடம் ஒப்படைத்திருந்தார்கள். இந்த மண்ணின் கறுப்பினக் குடும்பங்களும் அவர்களுடைய தேவாலயங்களும் தலைமுறை தலைமுறையாக நடத்திவரும் விழா இது. அவர்கள் வீட்டு விசேஷத்தில் பரிமாற நம்மையும் கூப்பிட்டார்கள். முதல் நன்றி அந்த அழைப்புக்குத்தான்.

அடுத்த நன்றி, நாம் தமிழில் அச்சிட்ட துண்டறிக்கையைத் திருத்திக் கொடுத்த ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியைக்கு. முதல் வரைவில், "விடுதலைச் செய்தி இரண்டரை ஆண்டு தாமதமாகப் போய்ச் சேர்ந்த நாள்" என்று எழுதியிருந்தோம். பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள். அந்த வரியை அவர் அடித்துவிட்டார். லிங்கனின் விடுதலைப் பிரகடனம் 1863 ஜனவரி 1 அன்று வந்தது. அதை நடைமுறைப்படுத்த டெக்சாஸில் ஒன்றியப் படை, அதாவது உள்நாட்டுப் போரில் லிங்கன் அரசின் படை, இல்லை என்பதுதான் தாமதத்துக்குக் காரணம். சேதி எட்டாமல் போனது காரணம் அல்ல. தோட்ட முதலாளிகளுக்குப் பிரகடனம் தெரியும், அடிமைப்படுத்தப்பட்டவர்களிலும் பலர் கேள்விப்பட்டிருந்தார்கள். 1865 ஜூன் 19 அன்று ஜெனரல் கார்டன் கிரேஞ்சர் கால்வெஸ்டனில் பொது ஆணை எண் 3ஐ வெளியிட்டபோதுதான் அந்தச் சொல்லுக்குப் பின்னால் துப்பாக்கி ஏந்திய படை நின்றது. அப்போது டெக்சாஸில் சுமார் 2,50,000 பேர் அடிமைத்தளையில் இருந்தார்கள். டெலவேர், கென்டக்கி மாநிலங்களில் சட்டப்படியான அடிமைமுறை ஒழிய அந்த ஆண்டு டிசம்பரில் அரசியல் சாசனத்தின் 13ஆம் திருத்தம் நிறைவேற வேண்டியிருந்தது. அதனால் "அமெரிக்காவின் கடைசி அடிமைகள் விடுதலையான நாள்" என்ற வரியும் போயிற்று.

"அடிமைகள்" என்று நாம் எழுதிய இடமெல்லாம் "அடிமைப்படுத்தப்பட்டவர்கள்" என்று மாற்றச் சொன்னவரும் அவர்தான். தமிழில் இது நீளமான சொல். துண்டறிக்கையில் இடம் இடித்தது. எழுத்தின் அளவைக் குறைத்தோம், சொல்லை மாற்றவில்லை. மேடையில் கிரேஞ்சரின் ஆணையை முழுக்க வாசித்தவருக்கும் இங்கேயே நன்றி. பெரும்பாலும் விடுதலையை அறிவிக்கும் முதல் வாக்கியத்தோடு நிறுத்திவிடுவார்கள். விடுதலையானவர்கள் இருக்கும் இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்யட்டும், படை முகாம்களில் திரள விடமாட்டோம் என்றும் அதே ஆணை சொல்கிறது. அந்தப் பகுதியைக் கேட்டால்தான் அதற்குப் பிறகு இந்தக் கவுன்டியில் நடந்தது விளங்கும்.

நடந்ததை நடைபாதை ஓரத்தில் பலகைகளாக நிறுத்திய மாணவர்களுக்கு மனமார்ந்த நன்றி. கென்டில்டன் என்ற ஊர், விடுதலையான குடும்பங்கள் ஒரு பழைய தோட்டத்தின் நிலத்தைத் துண்டு துண்டாக விலைக்கு வாங்கி எழுப்பியது. அடிமையாகக் கொண்டுவரப்பட்ட வால்டர் மோசஸ் பர்ட்டன் 1869இல் இக்கவுன்டியின் ஷெரிஃப்பாக, அதாவது காவல் தலைவராக, தேர்ந்தெடுக்கப்பட்டார். பிறகு மாநில செனட்டிலும் அமர்ந்தார். 1889க்குள் ஜேபேர்ட் என்ற வெள்ளையர் அணி அதிகாரத்தைப் பிடுங்கியது. வேட்பாளரை முன்கூட்டியே முடிவுசெய்யத் தனக்கென ஒரு முன்தேர்தலை நடத்தி, கறுப்பின வாக்காளர்களை அரை நூற்றாண்டுக்கு மேல் வெளியே நிறுத்தியது. உள்ளூர்க்காரர்கள் தொடுத்த வழக்கில்தான், 1953இல், உச்ச நீதிமன்றம் அதை முடித்துவைத்தது. சுகர் லேண்டில் வீடு வாங்கிக் குடியேறிய நம்மில் பலர் ஊர்ப் பெயரில் இருக்கும் சர்க்கரையைப் பற்றி யோசித்ததில்லை. 2018இல் அங்கே ஒரு பள்ளிக் கட்டுமான இடத்தில் 95 பேரின் எலும்புகள் கிடைத்தன. கைதிகளைக் கரும்புத் தோட்டங்களுக்கு வாடகைக்கு விட்ட முறையில் செத்தவர்கள் அவர்கள். அந்தப் பலகைக்கு முன்னால் நம் ஊர்க் குடும்பங்கள் அதிக நேரம் நின்றன. அடுத்த முறை அதைச் சுற்றி இன்னும் இடம் விட வேண்டும்.

குடும்பங்களின் வேர் தேடும் மேசையில் ஆறு மணி நேரம் உட்கார்ந்த நூலகர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் தனி வணக்கம். விழாவில் கூட்டம் குறையாத இடம் அதுதான். ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தால் அவர்கள் செய்தது இது: முதலில் வீட்டுப் பெரியவர்களின் நினைவு, பைபிளில் எழுதிய பிறந்த தேதிகள், இறுதிச் சடங்கில் அச்சிட்ட நினைவுத்தாள்கள். அடுத்து இறப்புச் சான்றிதழ்; டெக்சாஸில் மாநில அளவிலான பதிவு 1903இல் தொடங்குகிறது. பிறகு பத்தாண்டுக்கு ஒரு முறை எடுத்த மக்கள் கணக்கெடுப்பில் படி படியாகப் பின்னோக்கி 1870 வரை. விடுதலையானவர்களைப் பெயர் சொல்லி எழுதிய முதல் கணக்கெடுப்பு அது. 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் சொந்தக்காரர் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டும்தான் இருக்கும். 1870 என்ற சுவரைத் தாண்ட, அந்தக் குடும்பத்துக்கு அக்கம்பக்கமாக வசித்த நிலச்சுவான்தார்களின் உயில், பத்திரம், சொத்துப் பிரிவினைத் தாள்களைத் தேட வேண்டும். விடுதலையானவர்களுக்கு உதவ அரசு அமைத்த ஃப்ரீட்மென்ஸ் பீரோ என்ற அலுவலகத்தின் கூலி ஒப்பந்தங்களும் 1867 வாக்காளர் பதிவேடும் அங்கே கை கொடுக்கும்.

தேடல் எங்கே முட்டுகிறது என்பதையும் அவர்கள் எழுதி ஒட்டியிருந்தார்கள். 1890 கணக்கெடுப்பின் பெரும்பகுதி 1921 தீவிபத்தில் அழிந்தது, ஆகவே 1880க்கும் 1900க்கும் நடுவே இருபது ஆண்டு இருட்டு. கணக்கெடுத்தவர் காதில் விழுந்தபடி எழுதியதால் ஒரே குடும்பப் பெயர் மூன்று விதமாக இருக்கும். கடைசி முதலாளியின் பெயரைத்தான் எல்லோரும் வைத்துக்கொண்டார்கள் என்று எண்ணித் தேடினால் தவறான தோட்டத்தில் போய் நிற்போம். முந்தைய முதலாளியின் பெயரையோ தாங்களே தேர்ந்த பெயரையோ வைத்தவர்கள் நிறையப் பேர். தேடலைத் தொடர விரும்புகிறவர்களுக்கு: ரிச்மண்டில் இருக்கும் ஜார்ஜ் மெமோரியல் நூலகத்தில் வம்சாவளி ஆய்வுக்கென்றே தனிப் பிரிவு உண்டு.

இனி அடுப்படி. முந்தின நாள் மாலை ஆறு மணிக்கே நெருப்பு மூட்டி, விடிய விடியக் கண் விழித்துக் கறி சுட்ட பிட்மாஸ்டர் ஐயாக்களுக்கு எப்படி நன்றி சொல்வது! 14 பவுண்டு பிரிஸ்கெட், அதாவது மாட்டின் நெஞ்சுக்கறி, வெந்து கொழுப்பு நீக்கியபின் ஏறக்குறைய பாதிதான் தேறும். ஆளுக்கு மூன்றில் ஒரு பவுண்டு வைத்தால் இருபது பேருக்கு. இப்படிப் பத்து பிரிஸ்கெட் 200 பேருக்குப் போதும், மற்றவர்களுக்குக் கோழியும் சாசேஜும். போஸ்ட் ஓக், பீக்கன் விறகில் 225 முதல் 250 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கறியின் உள்வெப்பம் 150, 160 டிகிரியை எட்டியதும் மணிக்கணக்கில் அசையாமல் நின்றுவிடும். மேற்பரப்பில் ஈரம் ஆவியாகிக் கறியைக் குளிர்விப்பதே காரணம். புதியவர்கள் அங்கே பதறி நெருப்பைக் கூட்டுகிறார்கள். வெளியே கருகி உள்ளே ரப்பராகும். இவர்கள் தடித்த காகிதத்தில் சுற்றிவைத்துக் காத்திருந்தார்கள். 200 டிகிரி தாண்டி, குத்திய கம்பி வெண்ணெயில் போவதுபோல் போனபின் இறக்கி, ஒரு மணி நேரம் ஆறவிட்டுத்தான் கத்தி வைத்தார்கள்.

சைவக்காரர்களை நினைத்துச் சிவப்புப் பீன்ஸைப் பன்றிக்கறி போடாமல் தனிப் பாத்திரத்தில் சமைத்து, தனிக் கரண்டியும் போட்டு, பெயர்ச்சீட்டும் ஒட்டிய தேவாலய அம்மாக்களுக்கு நன்றி. கீரையில் புகைபோட்ட வான்கோழி சேர்த்திருக்கிறது என்பதையும் சீட்டில் எழுதியிருந்தார்கள். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் நம்மவர்கள் கீரைதானே என்று அள்ளியிருப்பார்கள்.

இந்த விழாவில் சிவப்பு நிறத்துக்கு இடம் பெரிது. சிவப்புச் சோடா, தர்பூசணி, செம்பருத்திப் பானம். சிந்திய ரத்தத்தையும் தாக்குப்பிடித்த உரத்தையும் அந்த நிறம் குறிக்கிறது என்பார்கள்; மேற்கு ஆப்பிரிக்காவின் சிவப்புப் பானங்களோடும் அதற்குத் தொடர்பு உண்டு. செம்பருத்தி என்றாலும் அது நம் வேலியோரச் செம்பருத்தி அல்ல. புளிச்சகீரை இனத்தின் சிவந்த புல்லியிதழ், பூ உதிர்ந்தபின் காயைச் சுற்றித் தடித்து நிற்பது. ஒரு காலன் தண்ணீருக்கு இரண்டு கப் காய்ந்த இதழ், விரல்நீள இஞ்சி, நாலைந்து கிராம்பு, ஒன்றரைக் கப் சர்க்கரை. கொதித்ததும் அடுப்பை அணைத்து இருபது நிமிடம் ஊறவைத்து வடிகட்ட வேண்டும். இரவு முழுக்க ஊறினால் துவர்ப்பு ஏறிவிடும். புளிப்பு அதிகமானதால் அலுமினியப் பாத்திரம் கூடாது, எவர்சில்வர்தான். ஐஸ் உருகி நீர்த்துப்போகும் என்பதால் பாதித் தண்ணீரில் காய்ச்சி, ஊற்றும்போது கலந்தார்கள். இந்தக் கணக்கைக் கொடுத்த அம்மாவுக்கு நம் வீட்டுச் சமையலறைகள் கடன்பட்டிருக்கின்றன.

தர்பூசணி பற்றி ஒரு வார்த்தை. விடுதலைக்குப் பிறகு கறுப்பின விவசாயிகள் அதை விளைவித்து விற்றுச் சொந்தக் காலில் நின்றார்கள். அதைப் பொறுக்காதவர்கள் அந்தப் பழத்தையே கேலிச்சித்திரமாக்கினார்கள். அவர்கள் மேசையில் அவர்கள் வெட்டித் தரும்போது மகிழ்ச்சியாகச் சாப்பிடலாம். நாம் அச்சிடும் அழைப்பிதழில் அந்தப் படத்தைப் போடுவது வேறு. கடைசி நேரத்தில் அதை நீக்கச் சொல்லி நம்மைக் காப்பாற்றிய இளைஞருக்கு நன்றி.

கொடி கட்டிய சிறுவர்களுக்கும் அப்படியே. ஜூன்டீன்த் கொடியில் மேலே நீலம், கீழே வளைந்தெழும் சிவப்பு, நடுவில் வெள்ளை நட்சத்திரம், அதைச் சுற்றி வெடித்துச் சிதறும் ஒளிக்கோடு. சமூக ஆர்வலர் பென் ஹைத் 1997இல் உருவாக்கியது. சிவப்பு, கறுப்பு, பச்சைக் கொடி வேறு, அது உலகெங்குமுள்ள ஆப்பிரிக்க வம்சாவளியினருக்குப் பொதுவானது. இரண்டும் பறந்தன, தலைகீழாக ஒன்றும் இல்லை.

தண்ணீர்ப் பந்தல் நண்பர்களே, உங்கள் கணக்கு சரியாக இருந்தது. 400 பேர், ஆளுக்கு மூன்று பாட்டில், 24 பாட்டில் கொண்ட பெட்டி 50. ஐஸ் மட்டும் பிசகியது. ஆளுக்கு ஒரு பவுண்டு என்ற வழக்கமான கணக்கு ஜூன் மாத ஹூஸ்டன் பக்கம் எடுபடாது. இரண்டு பவுண்டு, அதாவது 20 பவுண்டு மூட்டை 40 வேண்டும். பாதியைக் காலையிலும் மீதியைப் பகல் பன்னிரண்டுக்கும் இறக்க வேண்டும். ஒரேயடியாக இறக்கியதால் இரண்டு மணிக்குப் பெட்டிகளில் தண்ணீர்தான் மிதந்தது. அப்போது சொல்லாமலே வண்டியெடுத்துப் போய்ப் பதினைந்து மூட்டை கொண்டுவந்த அண்ணனுக்கு விழாவே நன்றி சொன்னது.

முதலுதவிக் கூடாரத்தில் நின்ற செவிலியர்களுக்கு நன்றி. தலைசுற்றல், தசைப்பிடிப்பு வந்தவர்களை நிழலில் கிடத்தி, ஈரத்துண்டு போட்டு, சிறிது சிறிதாக நீர் கொடுத்தீர்கள். பேச்சு குழறினால், நினைவு தடுமாறினால் அது வெப்ப வாதம். 911ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை ஐஸ் நீரால் உடம்பைக் குளிர்விக்க வேண்டும், வாயில் எதுவும் ஊற்றக் கூடாது என்று தொண்டர்கள் அத்தனை பேருக்கும் காலையிலேயே சொல்லிக்கொடுத்தீர்கள். அந்தப் பத்து நிமிடப் பாடம் ஒவ்வொரு ஆண்டும் வேண்டும்.

பத்தடிக் கூடாரத்தின் ஒவ்வொரு காலிலும் ஐந்து காலன் நீர் நிரப்பிய வாளியைக் கட்டியவர்களுக்கு நன்றி. ஒரு வாளி ஏறக்குறைய 42 பவுண்டு. மாலை மழைமேகத்துக்கு முன்னால் வந்த காற்றில் நம் கூடாரங்கள் நின்றன. முளையடித்து மட்டும் கட்டிய ஒன்று, மண் இளகியிருந்ததால், புரண்டது. நல்லவேளை, அதனடியில் ஆள் இல்லை. இடி கேட்டதும் எல்லோரையும் மண்டபத்துக்குள் அனுப்பி, கடைசி இடிக்குப் பின் முழுதாக முப்பது நிமிடம் காத்த பூங்கா ஊழியர்களின் கண்டிப்புக்கும் நன்றி.

ஒலிபெருக்கிக்குத் தனி ஜெனரேட்டர் வேண்டும் என்று மின்பணித் தொண்டர் முன்பே சொன்னார். 1,500 வாட் காபிக் கொதிகலனையும் அதே அளவு சூடாக்கும் பாத்திரத்தையும் ஒலிபெருக்கி ஓடிய 2,000 வாட் ஜெனரேட்டரிலேயே போட்டதும், பாடகர் குழு நடுவில் நிற்க, மைக் செத்தது. அவர்கள் மைக் இல்லாமலே கைதட்டிப் பாடி முடித்தார்கள். அவர்களுக்கு நன்றியும் மன்னிப்பும் ஒருசேர.

உணவுக் கடைகளின் தற்காலிக அனுமதி, கை கழுவும் குழாய்க்கலம், பாத்திரம் கழுவ மூன்று தொட்டி ஏற்பாடு எல்லாவற்றையும் சரிபார்த்த சுகாதார அலுவலர், சூட்டுணவு 135 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கவிடாமல் மணிக்கொரு முறை அளந்து குறித்த பள்ளிப் பிள்ளைகள், இரவு எட்டரை வரை இருந்து கடைசிப் பையையும் கட்டிய பதினோரு பேர், எல்லோருக்கும் கைகூப்புகிறோம்.

இரண்டு எவர்சில்வர் அண்டா, ஒரு நீல ஐஸ்பெட்டி, குழந்தையின் வெள்ளைத் தொப்பி ஒன்று எங்களிடம் இருக்கின்றன. உரியவர்கள் ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு தேவாலய வாசலில் பெற்றுக்கொள்ளலாம். அங்கே டோமினோ மேசைகளைத் திருப்பிக் கொடுக்க நாலு பேர் வருகிறோம், தூக்க இன்னும் இரண்டு பேர் தேவை.

நன்றியுடன்,
தமிழ்த் தொண்டர் குழு