பாட்டி ஒதுக்கிய விதைக் கதிர்

ஐயா,

பரிணாமம் என்றாலே நம் பிள்ளைகளுக்குக் குரங்கும் டைனோசரும்தான் நினைவுக்கு வருகின்றன. அது நம் ராகிக் கொல்லையிலும் நடந்திருக்கிறது.

ராகி ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பயிர். காட்டு ராகியின் மணிகள் முற்றியதும் தானாக உதிர்ந்துவிடும். உதிராத கதிர்களையே மனிதர்கள் அறுத்து மறுபடி விதைத்ததால் அந்தக் குணம் நிலைத்தது. டார்வின் 1859-இல் வெளியிட்ட நூலின் முதல் அத்தியாயமே இப்படி மனிதர் தேர்ந்தெடுப்பதைப் பற்றியதுதான்.

என் பாட்டி அறுப்புக்கு முன்பே கொல்லைக்குள் நடந்து, மடக்கிய கைவிரல்போல் இறுகிய கதிர்களை மட்டும் விதைக்கு ஒதுக்குவார். அப்புறம் அடுப்புக்கு மேலே புகை படும்படி கட்டித் தொங்கவிடுவார். பக்கத்துக் கொல்லைக்காரருக்கு விரிந்த கதிர்தான் பிடிக்கும். எந்த ராகியில் களி பதமாக வருகிறது என்ற நாக்கின் தீர்ப்பும் சேர்ந்துதான், எந்த மரபணு அடுத்த ஆண்டு மண்ணுக்குப் போகும் என்று முடிவு செய்தது.

இப்போது ஊரே ஒரே ரகத்தை வாங்கி விதைக்கிறது. விளைச்சல் கூடுதல், சரி. பூஞ்சையால் ராகிக்கு வரும் குலைநோயைத் தாங்கும் குணம் அதில் இல்லையென்றால் எங்கே போய்த் தேடுவது?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மிச்சமிருக்கும் நாட்டு ராகி விதைகளை, அவற்றை வைத்திருப்பவர்கள் சொல்லும் பக்குவத்தோடு, வேளாண்மைத் துறை இந்தப் பட்டத்திலேயே சேகரிக்க வேண்டும்.

– ஒரு விவசாயி, பென்னாகரம்