அந்தச் சோற்று டப்பா பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

சுகாதாரச் சோதனை அறிக்கையின் படம் உங்களில் பாதிப் பேருக்காவது வந்து சேர்ந்திருக்கும். எனக்கே நாலு பேர் அனுப்பிவிட்டார்கள். அறிக்கை இரண்டு பக்கம். ஊரெல்லாம் சுற்றுவது அதில் ஒரே ஒரு வரி, அதுவும் சிவப்பு வட்டம் போட்டு: "ஃப்ரிட்ஜில் தேதிச் சீட்டு ஒட்டாத சோறு, ஒரு டப்பா." அதற்குக் கீழே யாரோ ஒரு புண்ணியவான் "பழைய சோற்றைச் சூடு பண்ணிப் போடுகிறார்கள்" என்று தன் கைச்சரக்கைச் சேர்த்துவிட்டார். அறிக்கையில் 'பழைய' என்ற சொல்லே கிடையாது. தேடிப் பாருங்கள்.

நடந்தது இதுதான். அந்தச் சோறு அன்று காலை பத்தரை மணிக்கு வடித்தது. அகலத் தட்டுகளில் மூன்று விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி ஆறவிட்டு, டப்பாவுக்கு மாற்றி உள்ளே வைத்தோம். சீட்டும் ஒட்டினோம். டப்பாவின் மேல் ஈரம் இருந்ததால் அது கழன்று கீழ்த்தட்டில் விழுந்து கிடந்தது. நானே குனிந்து எடுத்துக் காட்டினேன். ஓரம் சுருண்டு, மை கொஞ்சம் பரவி, ஆனால் '10.30' என்பது தெளிவாகத் தெரிந்தது. "டப்பாவில் இல்லையே" என்றார் சோதனைக்கு வந்த அதிகாரி. அவர் சொன்னதும் சரிதான். கீழே கிடக்கும் சீட்டு எந்த டப்பாவுடையது என்று அவருக்கு எப்படித் தெரியும்? மறுபேச்சு பேசாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். டப்பாவையும் அவர் கண்ணெதிரே கொட்டினோம். ஆனால் சீட்டு இல்லாததும் சோறு பழசானதும் ஒன்றா?

வேறு எதில் குறை சொல்லியிருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது. சோற்றில் நாங்கள் எவ்வளவு கறார் என்பது எங்கள் பையன்களுக்குத் தெரியும். அரிசியிலேயே பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கும். உலை கொதித்தாலும் அவை சாகாது. சோற்றை அப்படியே அண்டாவில் மூடி வைத்தால் நடுச்சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். அந்த வெதுவெதுப்பில்தான் வித்து முளைத்து, கிருமி பெருகி, வாந்தி எடுக்கவைக்கும் நஞ்சு உண்டாகிறது. அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. ஆக, சூடு பண்ணி ஒப்பேற்றும் வித்தை சோற்றில் பலிக்கவே பலிக்காது. 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நாலு மணி நேரத்துக்குள் இறங்கியாக வேண்டும். வேலைக்குச் சேரும் பையனுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பது இதைத்தான்.

பச்சைக் கோழிக்கும் காய்கறிக்கும் தனித்தனிப் பலகை, தனித்தனிக் கத்தி. பூச்சி, எலி நடமாட்டம் இல்லை. இதுவும் அதே அறிக்கையில் இருக்கிறது. அதற்கெல்லாம் யாரும் வட்டம் போடவில்லை. கை கழுவும் தொட்டிக்குள் ஒரு வாளி இருந்தது உண்மை. ஒரு நிமிடம் வைத்ததுதான், ஆனாலும் கை கழுவ மட்டுமே உள்ள இடத்தை அடைத்தது தப்புதான். ஃப்ரிட்ஜ் 9 டிகிரி காட்டியது பற்றி இரண்டாம் பக்கத்தில் ஒரு குறிப்பு உண்டு. கதவு ரப்பரை மாற்றியாயிற்று.

எங்கள் பெரிய மாஸ்டர் போன மாதம் விலகிக்கொண்டது பலருக்குத் தெரியும். காலையும் மாலையும் டிகிரி பார்த்து நோட்டில் குறிப்பது அவர் வேலை. அவர் போன பிறகு சில நாள் விட்டுப்போனது. இப்போது அதை நானே எழுதுகிறேன். வாரம் ஒருமுறை ஒரு டம்ளரில் ஐஸை நொறுக்கிப் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, தெர்மாமீட்டர் சரியாகப் பூஜ்யம் காட்டுகிறதா என்றும் பார்க்கிறேன். சொன்னால் சிரிப்பீர்கள், இத்தனை வருடத்தில் எனக்கு இது தெரியாது. வந்த அதிகாரிதான் சொல்லிக்கொடுத்தார்.

படம் பரவிய மறுநாள் மதியம் கடையில் பாதி மேசை காலி. அன்றைக்கும் வந்து, வேண்டுமென்றே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி "எனக்குச் சோறு" என்று கேட்ட அந்த அம்மாவை நான் மறக்கமாட்டேன். "என்னப்பா, சீட்டு ஒட்டினியா?" என்று கேட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்த பெரியவருக்கும், வீட்டு விசேஷத்துக்குக் கொடுத்த ஆர்டரை ரத்து செய்யாத குடும்பத்துக்கும் என் நன்றி. உங்களால்தான் அடுப்பு எரிகிறது.

மறுசோதனை முடியும் வரை சோற்றை எடுத்துவைக்கப் போவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வடிக்கிறோம், அதனால் இருபது நிமிடம் வரை காத்திருக்க நேரலாம். இரவுக் கடையும் அதுவரை இல்லை. அறிக்கையைக் கல்லாவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன், யாரும் படிக்கலாம். இடம் போதாததால் இரண்டாம் பக்கம் முதல் பக்கத்துக்குப் பின்னால் இருக்கிறது. கேட்டால் எடுத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்