அக்கா மகளுக்கு: எங்கே உட்கார்ந்து படிப்பது?

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தி எழுதுவது. நேற்று ராத்திரி போனில், கல்லூரிக்குப் போவதா, தொலைதூரக் கல்வியா, ஆன்லைனா என்று நீ கேட்டதற்கு நான் பதில் சொல்வதற்குள், பின்னாலிருந்து அக்கா குரல் கேட்டது: "தண்ணி வந்திருச்சு, குடத்த எடு." நீ பாதிப் பேச்சில் ஓடினாய். எனக்குப் பதில் அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கம் இதே குழப்பத்தோடு இருக்கிற பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன். உன் பெயரை எழுதவில்லை.

தருமபுரி அரசு கலைக் கல்லூரியில் கணிதத்துக்கு இடம் கிடைக்கும் போலிருக்கிறது. ஓசூர் பக்கம் விடுதியோடு கம்பெனி வேலை, கூடவே தொலைதூரக் கல்வி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் நேரடி வகுப்பு என்பது இன்னொரு வழி. மூன்றாவது, வீட்டிலிருந்தே ஆன்லைன் டிகிரி. அக்காவுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. பிள்ளை கண்ணெதிரே இருக்கும், பஸ்ஸில் அலைய வேண்டாம் என்கிறாள்.

ஆன்லைன் டிகிரி செல்லாது என்று யாரோ சொன்னார்களாம். அது தப்பு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020 விதிமுறைப்படி, அனுமதி பெற்ற பல்கலைக்கழகம் தொலைதூர முறையிலோ ஆன்லைனிலோ தருகிற பட்டம் நேரில் படித்து வாங்கும் பட்டத்துக்குச் சமம். 'அனுமதி பெற்ற' என்பதைத்தான் அழுத்திப் படிக்க வேண்டும். நான் அதைப் பார்க்காமல் ஏமாந்தவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மாடி அறையில் நடந்த 'ஸ்டடி சென்டரில்' பணம் கட்டினேன். இரண்டு வருஷம் கழித்துத்தான் அந்தப் படிப்புக்கு அனுமதியே இல்லை என்று தெரிந்தது. பணம் போனதை மறந்துவிட்டேன். அந்த இரண்டு வருஷத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

இப்போது நீயே பார்த்துக்கொள்ளலாம். மானியக் குழுவின் தொலைதூரக் கல்விப் பிரிவு இணையதளத்தில், எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறது என்ற பட்டியல் இருக்கிறது. 2024 முதல் சேருகிற மாணவரே அங்கே பதிந்து 'டெப் ஐடி' என்கிற அடையாள எண்ணை எடுத்தாக வேண்டும். அதெல்லாம் வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று எவராவது சொன்னால் எழுந்து வந்துவிடு. அப்புறம், நியூட்ரிஷன் ஆன்லைனில் படிக்கப்போகிறேன் என்றாளே உன் தோழி, அவளிடமும் சொல். பொறியியல், நர்சிங், சட்டம் இவற்றை இந்த முறைகளில் நடத்த முன்பே தடை. 2025-இல் உளவியல், மைக்ரோபயாலஜி, உணவு ஊட்டச்சத்து எல்லாம் அதில் சேர்ந்துவிட்டன.

சரி, செல்லுபடியாகும் என்பதாலேயே உனக்குப் பொருந்தும் என்றில்லை.

நான் பிறகு இக்னோவில், அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், முதலிலிருந்து ஆரம்பித்தேன். நல்ல பாடப்புத்தகங்கள். 30 மதிப்பெண் நாம் எழுதி அனுப்புகிற அசைன்மென்டுக்கு, 70 தேர்வுக்கு. ஜூனில் ஒரு தேர்வு, டிசம்பரில் ஒரு தேர்வு. மூன்று வருஷப் படிப்பை முடிக்க ஆறு வருஷம்வரை விடுவார்கள். எனக்கு ஐந்தரை வருஷம் ஆனது. ஷிப்ட் மாறும் வாரங்களில் புத்தகத்தைத் திறந்தால் எழுத்தெல்லாம் மிதக்கும். ஞாயிறு வகுப்புக்கு நான் போனது மொத்தமே பத்துப் பதினைந்து முறை இருக்கும். ஆனால் எனக்குப் பாடம் ஏறியது அந்த நாட்களில்தான். பக்கத்தில் ஒரு அங்கன்வாடி அக்கா உட்காருவார். எனக்குப் புரியாததை அவர் கேட்பார், அவருக்குப் புரியாததை நான் கேட்பேன்.

நீ எடுக்கப்போவது கணிதம். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு மாதிரி இருக்காது. விடையைவிட நிரூபணம்தான் அங்கே முக்கியம். வீடியோ பார்த்தால் சரியாகப் போடுவது எப்படி என்று தெரியும். நீ எந்த வரியில் வழுக்கினாய் என்று அது சொல்லாது. கரும்பலகையில் நீ எழுதும்போது, "நில்லும்மா, இந்த வரி எங்கிருந்து வந்தது?" என்று ஒருவர் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்காகவே தினமும் பஸ் ஏறலாம்.

இன்னொன்று, இதை அக்கா மேல் குறையாகச் சொல்லவில்லை. நம் வீட்டில் உட்கார்ந்து படிக்கிற பெண்ணைச் சும்மா இருக்கிறவளாகத்தான் பார்ப்பார்கள். கைப்பேசி தம்பிக்கும் வேண்டும். பாட்டிக்கு மாத்திரை, மாட்டுக்குத் தீவனம், வந்தவர்களுக்குக் காபி. ஆன்லைன் வகுப்பை யார் வேண்டுமானாலும் இரண்டு நிமிஷம் நிறுத்தச் சொல்லலாம். கல்லூரி அப்படியில்லை. 75 சதவீதம் வருகை இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாதென்று நீ வீட்டில் சொல்லலாம். தக்காளி பறிக்க ஆள் கிடைக்காத காலையில் அந்த விதிதான் உனக்குத் துணை.

செலவைப் பற்றி அக்கா கவலைப்படுகிறாள். நீ ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள். 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உன் வங்கிக் கணக்குக்கே வரும். தொலைதூரக் கல்வியில் படித்தால் அது கிடையாது. டீச்சர் ஆகணும் என்கிறாயே, உன்னைப் போலப் புதிதாக வருகிறவர்களுக்கு பி.எட். எப்படியும் கல்லூரிக்குப் போய்ப் படிக்கிற படிப்புதான்.

கல்லூரியில் சேர்ந்தால் ஆன்லைன் கை நழுவிவிடும் என்றும் நினைக்காதே. மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயத்தில் பாடம் எடுத்து, கல்லூரி ஒப்புக்கொண்டால் ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம்வரை கணக்கில் சேர்க்க மானியக் குழுவின் விதி இடம் தருகிறது. கொஞ்சம் நேரில், கொஞ்சம் இணையத்தில் என்று நீயே கலந்துகொள்ளலாம். கைக்குழந்தையோடு இருக்கிற பெண்ணுக்கும், வேலையை விட முடியாதவருக்கும் முழு ஆன்லைன் படிப்பு பெரிய வரம். அவர்கள் கேட்டிருந்தால் நானே சேர்த்துவிட்டு வருவேன்.

வீட்டு நிலைமை இறுகி, கம்பெனிக்குத்தான் போக வேண்டும் என்றாலும் மனம் உடைந்துவிடாதே. நேரடி வகுப்பு நடக்கிற மையமா என்று பார்த்துச் சேர். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் பார்ப்பதில்லை என்று முதல் நாளே சொல்லிவிடு. நான் அதைச் சொல்லாமல் விட்டேன்.

வருகிற ஞாயிறு காலை ரயிலில் வந்து பாலக்கோட்டில் இறங்குகிறேன். அக்காவிடம் நான் பேசுகிறேன், நீ பக்கத்தில் இருந்தால் போதும். மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றுக்கும் மூன்று நகல் எடுத்து வை. அதுவரை எந்த ஆன்லைன் கோர்ஸுக்கும் முன்பணம் கட்ட வேண்டாம்.

அன்புடன்,
சித்தி