யார் சொல்லி எழுதினார்கள் என்று பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய பக்கங்களை எல்லாம் கணினியில் பெரிதாக்கி வைத்து நிதானமாகப் பார்த்தேன். சம்பந்தியின் எள்ளுத் தாத்தா 1861 மக்கள்தொகைக் கணக்கில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறார். கூலி வேலை, வயது 29, பிறந்த ஊர் பெவர்லி. 1871-ல் பிள்ளைகள் நான்கு, அவர் இல்லை, மனைவி பேருக்கு நேரே விதவை என்று இருக்கிறது. அந்தப் பத்து வருஷத்து இறப்பு அட்டவணையில், அதாவது பதிவான சாவுகளின் பேர்ப் பட்டியலில், லீட்ஸ் முழுக்கத் தேடியும் அவர் பேர் கிடைக்கவில்லை. சம்பந்தி ரிட்டயர் ஆனதிலிருந்து அவர் சாவைத் தேடிக்கொண்டிருந்தார். இப்போது கண் சரியில்லை என்று வேலையை உன் கையில் கொடுத்திருக்கிறார். மருமகள் மேல் அவர் வைத்திருக்கும் நம்பிக்கையை நினைத்தால் எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நீங்கள் ஒரு குடும்பஸ்தரின் சாவைத் தேடுகிறீர்கள். அவர் குடும்பஸ்தராகச் சாகவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் நகராட்சியில் பிறப்பு இறப்புப் பிரிவில் இருந்தவள். வீட்டில் ஒருவர் இறந்தால் மகனோ மருமகனோ வருவார்கள். பேர், அப்பா பேர், விலாசம் எல்லாம் சுத்தமாக வரும், வயதில் மட்டும் ரெண்டு மூணு வருஷம் முன்னே பின்னே இருக்கும். பஸ் ஸ்டாண்டில் விழுந்து இறந்தவருக்குப் போலீஸ்காரர்தான் வருவார். "முருகன்னு சொன்னாங்க மேடம், அறுபது இருக்கும்" என்பார். சொன்னதைத்தான் எழுதுவோம், வேறு வழியில்லை. பத்து வருஷம் கழித்து அந்த மனிதரின் மகள் வந்து, முருகேசன், வயது 52 என்று கேட்டால் ஏட்டில் எப்படி அகப்படும்? சாவு பதிவாகித்தான் இருக்கும். சொன்ன ஆள் வேறு, அதனால் இறந்தவரும் வேறு ஆளாக ஏட்டில் ஏறிவிடுகிறார்.

இங்கிலாந்திலும் அப்படித்தான். அங்கே 1837 ஜூலை 1-ஆம் தேதி பதிவு தொடங்கியது. இறப்புப் பதிவில் எப்போது எங்கே இறந்தார், பேர், ஆணா பெண்ணா, வயது, தொழில், காரணம் என்று வரிசையாகக் கட்டங்கள். அதற்கு அடுத்து, தகவல் சொன்னவரின் கையெழுத்தும் விலாசமும். கையெழுத்துத் தெரியாதவர் என்றால் ஒரு பெருக்கல் குறி. எந்த இறப்புப் பதிவு கிடைத்தாலும் முதலில் இந்தக் கட்டத்தைப் படி. மற்ற கட்டங்களை எவ்வளவு நம்பலாம் என்பது இதை வைத்துத்தான் தெரியும். இன்னொன்று, 1875-க்கு முன் விவரம் தேடிப் பிடிக்கும் பொறுப்பு பெரும்பாலும் பதிவாளர் தலையில்தான் இருந்தது. 1874 சட்டம்தான் அதை உறவினர் மேல் கடமையாக்கி, தவறினால் அபராதம் என்றது, மருத்துவர் சான்றும் கட்டாயமானது. இவர் வீட்டில் இல்லாமல் போனது அதற்கு முந்தைய காலம்.

சரி, இப்போது அவர் மனைவி, அந்த அம்மாளின் விஷயத்துக்கு வருகிறேன். கடைசிப் பையன், அதாவது சம்பந்தியின் கொள்ளுத் தாத்தா, பிறந்தது 1864 பிப்ரவரியில். பிறப்புப் பதிவில் அப்பா பேரும் தொழிலும் இருக்கிறது. அந்த அம்மாள் மறுமணம் செய்தது 1872 நவம்பரில். நடுவில் எட்டே முக்கால் வருஷம். 1861-இல் வந்த சட்டம் ஒன்று, கணவன் தொடர்ந்து ஏழு வருஷம் காணாமல் போய், உயிரோடு இருப்பதாகத் தகவலும் இல்லையென்றால், மறுமணம் செய்த மனைவியை இருதார மணக் குற்றத்துக்குத் தண்டிக்கக் கூடாது என்றது. தண்டனையிலிருந்துதான் அது காப்பாற்றும். முதல் கணவன் உயிரோடு இருந்தால் அந்த இரண்டாவது கல்யாணம் செல்லாது. ஆனாலும் ஏழு வருஷம் ஆனால் விடுதலை என்றுதான் ஏழை ஜனங்கள் எடுத்துக்கொண்டார்கள். 1857 சட்டத்தில் விவாகரத்து வந்தது உண்மை. அதற்கு லண்டன் கோர்ட்டுக்குப் போக வேண்டும், பெண் என்றால் கணவனின் சோரத்தோடு கொடுமையையோ கைவிட்டுப் போனதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். நாலு பிள்ளையோடு துணி ஆலைக்குப் போன ஒரு பெண்ணால் அது முடியுமா?

அதோடு, கடைசிப் பையனின் 1888 கல்யாணப் பதிவில் அப்பா பேருக்குப் பக்கத்தில் கூலி என்று மட்டும் இருக்கிறது, காலமானவர் என்று இல்லை. இதை மட்டும் பிடித்துக்கொண்டு தீர்ப்பு எழுத முடியாது, பல குருமார்கள் அதைக் கேட்டு எழுதுவதே இல்லை. ஏழு வருஷக் கணக்கையும் இதையும் சேர்த்து வைத்தால்தான் எனக்குச் சந்தேகம் வலுக்கிறது. அவர் இறக்கவில்லை, போய்விட்டார். அந்த அம்மாள் வாசலில் வந்து நின்ற கணக்கெடுப்பு ஆளிடம் விதவை என்று சொல்லிவிட்டாள். அவளை நான் தப்பு சொல்லவே மாட்டேன். பக்கத்து வீடுகளுக்கு நடுவில் நாலு பிள்ளையை வளர்க்க வேண்டியவள் வேறு என்ன சொல்லுவாள்?

அதனால் 1871-ஐ முடிவாக வைக்காதே. 1864 பிப்ரவரிக்கு அப்புறம் என்று மட்டும் வைத்துக்கொண்டு தேடு. முதலில் 1871, 1881, 1891 கணக்கெடுப்புகளில் குடும்பப் பெயரை விட்டுவிட்டு, முதல் பேர், பெவர்லி, வயது முன்னே பின்னே ஐந்து என்று போட்டுப் பார். ஓடிப்போகிறவர்கள் பேரை மாற்றினாலும் பிறந்த ஊரை மாற்றச் சட்டென்று தோன்றாது. தங்கும் விடுதி, வொர்க்ஹவுஸ் (ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கிய இல்லம்), மனநோய் இல்லம் எல்லாவற்றையும் பார். சில இல்லங்களில் உள்ளே இருந்தவர்களுக்கு முழுப்பேர் எழுதாமல் முதலெழுத்து மட்டும் போட்டிருப்பார்கள், அதையும் ஞாபகம் வை.

இறப்பு அட்டவணை காலாண்டு காலாண்டாக இருக்கும். அது பதிவான காலாண்டு, இறந்த காலாண்டு அல்ல. டிசம்பர் கடைசியில் இறந்தவர் மார்ச் காலாண்டில் கிடப்பார், கரோனர், அதாவது சந்தேகச் சாவை விசாரிக்கும் அதிகாரி, விசாரணை நடத்தியிருந்தால் இன்னும் தள்ளிப் போகலாம். பழைய அட்டவணையில் 1866-லிருந்துதான் வயது உண்டு, அரசு இணையத்தில் போட்டிருக்கும் புதிய அட்டவணையில் 1837-லிருந்தே வயது இருக்கிறது. லீட்ஸை ஒட்டிய ஹன்ஸ்லெட் அப்போது தனிப் பதிவு மாவட்டம், லீட்ஸ் என்று மட்டும் போட்டுத் தேடினால் ஆற்றுக்குத் தெற்கே இறந்தவர்கள் விட்டுப்போவார்கள். பழைய அட்டவணையில் பேர் தெரியாதவர்கள் எல்லா எழுத்துக்கும் கடைசியில், இசட்டுக்கு அப்புறம் வருவார்கள். கால்வாயில் எடுத்த உடல், ரயில் பாதையில் கிடந்த உடல் எல்லாம் அங்கே இருக்கும். அதைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கும், ஆனாலும் படி.

நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியே முன்பு வொர்க்ஹவுஸோடு சேர்ந்ததுதானே. எதிரே பெக்கெட் தெருக் கல்லறைத் தோட்டம், 1845-இல் திறந்தது. நான் வந்திருந்தபோது அங்கே நீ காட்டிய கினிக் கல்லறைகளை மறக்கவே முடியவில்லை. தனிக் கல்லறைக்கு வழியில்லாதவர்கள் ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங் கட்டி, ஒருவரை ஒருவர் அறியாத பலரோடு ஒரே குழியில் புதைத்து, ஒரே கல்லில் பேர் மட்டும் வெட்டிக்கொண்டார்கள். முன்பக்கம் நிறைந்ததும் பின்பக்கத்திலும் பேர்கள். அந்தப் பணமும் இல்லாதவர்களுக்குக் கல்லும் கிடையாது, புதைத்த ஏடு மட்டும்தான். லீட்ஸின் உட்ஹவுஸ் பகுதியில் இருந்த பொதுக் கல்லறையின் ஏடுகளை லீட்ஸ் பல்கலைக்கழகம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது, 97 ஆயிரம் பதிவுகளுக்கு மேல். இறப்பு அட்டவணையில் தப்பாக ஏறிய பேர் புதைத்த ஏட்டில் சரியாக இருக்கலாம்.

ஒருவேளை பட்டாளத்தில் சேர்ந்திருந்தால்? அப்படிப் போனவர்கள் நிறையப் பேர். வெளிநாட்டில் நேர்ந்த ராணுவ இறப்புகளுக்குத் தனி அட்டவணை உண்டு, பொது அட்டவணையில் வராது. சென்னை மாகாணத்தில் இறந்திருந்தால் இங்குள்ள பாதிரியார் எழுதிய பதிவின் நகல் லண்டனுக்குப் போயிருக்கும், பிரிட்டிஷ் நூலகத்தில் இன்றும் இருக்கிறது. இந்தப் பக்கம் வந்தார் என்று ஒரு சின்னத் தடயம் கிடைத்தாலும் சொல், பரங்கிமலையோ திருச்சியோ, நானே நேரில் போய்ப் பார்க்கிறேன்.

மாப்பிள்ளைக்கு அலுப்புத் தட்டினால் லூயி லெ பிரின்ஸைப் பற்றிச் சொல். உங்கள் லீட்ஸின் ரவுண்ட்ஹேயில் 1888 அக்டோபரில் அசையும் படம் எடுத்தவர். அந்தப் படத்தில் வரும் அவருடைய மாமியார் அதே மாதம் 24-ஆம் தேதி இறந்துவிட்டார், படம் அதற்கு முந்தையது என்று உறுதியாகச் சொல்ல அந்தச் சாவுத் தேதிதான் பிடிமானம். ஆனால் அவரே 1890 செப்டம்பர் 16-ஆம் தேதி பிரான்ஸின் டிஜோனில் ரயில் ஏறியவர், ஆளும் இல்லை பெட்டியும் இல்லை. 1897-இல் சட்டப்படி இறந்தவர் என்று அறிவித்தார்கள். 2003-இல் பாரிஸ் போலீஸ் ஆவணத்தில் அவரைப் போலவே இருக்கும் ஒரு நீரில் மூழ்கியவரின் படம் கிடைத்தது, அது அவர்தானா என்று இன்றும் முடிவாகவில்லை. பேரும் புகழும் உள்ளவருக்கே அப்படி.

சம்பந்தியிடம் இந்தச் சந்தேகத்தை மறைக்காதே. மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது, சாப்பாட்டுக்கு அப்புறம், மெதுவாகச் சொல். அவர் தேடியது ஒரு நல்ல மனிதரின் சாவை, கிடைக்கப்போவது வீட்டை விட்டுப் போனவரின் சாவாக இருக்கலாம். அவருக்கு வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த எள்ளுப் பாட்டி நாலு பிள்ளையையும் வொர்க்ஹவுஸுக்கு அனுப்பாமல் வளர்த்தாள், 1871 பக்கத்தில் நாலு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், மூத்தவளுக்கு வயது பதிமூன்று, அவளும் ஆலை வேலை. அந்தப் பக்கத்தை அவருக்குப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடு.

இந்த வாரம் பெவர்லியை வைத்துத் தேடிவிடு. பேர் பொருந்துகிற இறப்புகளில் வயது ஒத்து வருவதை மட்டும் வாங்கு. 1887 வரை உள்ளவை குறைந்த விலையில் படமாகவே கிடைக்கும், முத்திரை போட்ட சான்றிதழ் தேவையில்லை. வந்ததும் எனக்கு அனுப்பு, வாட்ஸ்அப்பில் வேண்டாம், எழுத்து மங்கிவிடுகிறது, மின்னஞ்சலில் போடு. சம்பந்தியின் கண் ஆபரேஷன் தேதி முடிவானால் சொல்.

அன்புடன்,
அம்மா