ராத்தாவுக்கு, அடக்கிய இடத்தைக் காட்டும் மீசான் கட்டை நடப்படாத வாப்பாவைப் பற்றி

அஸ்ஸலாமு அலைக்கும் ராத்தா,

2020 டிசம்பரில் கொரோனாவில் மௌத்தான வாப்பாவை, இலங்கை அரசின் கட்டளைப்படி அடக்கவிடாமல் எரித்து வருகிற கிழமையோடு நான்கு வருடங்கள் நிறைகின்றன. என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அடுத்த ஹஜ்ஜுக்குப் போக நிய்யத் வைத்திருக்கிறேன். போகிறவர் வீடு வீடாகச் சென்று பொருத்தம், அதாவது மன்னிப்பு, கேட்பது நம் ஊர் வழக்கம் என்பதால் கிண்ணியாவில் நான் அறிந்த வாசல்களுக்கெல்லாம் போய்வந்துவிட்டேன். மூதூரில் உங்கள் வாசலுக்கு மட்டும் இரண்டு தடவை வந்து, கேற்றடியோடு திரும்பினேன். என் அழைப்புகளை நீங்கள் எடுப்பதில்லை. ஆகவே எழுதுகிறேன்.

ஊரார் பலரும் இதை வாசிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அதனால் ஆஸ்பத்திரியின் பெயரையோ, எரிக்கச் சம்மதம் கேட்ட காகிதத்தை என் முன்னால் வைத்தவரின் பெயரையோ, நம் குடும்பத்துக்குள் மட்டும் பேசப்பட்ட வேறு விஷயங்களையோ இங்கே சொல்லமாட்டேன். காணி விவகாரத்துக்கும் இக்கடிதத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதை மட்டும், பேசத் துடிக்கும் சிலருக்காகச் சொல்லிவைக்கிறேன்.

அந்த மேசையைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. பச்சை ரெக்சீன் விரித்த மேசை. விளிம்பில் அது கிழிந்து உள்ளே பலகை தெரிந்தது. நீலப் பேனை ஒன்றைச் சணல் நூலால் மேசையின் காலில் கட்டியிருந்தார்கள். நூல் குட்டையாக இருந்ததால், கையெழுத்திடுபவர் குனிந்தே ஆக வேண்டும். படிவம் முழுவதும் சிங்களத்தில் இருந்தது. வாப்பாவின் அடையாள அட்டை இலக்கத்தை மட்டும் என்னால் வாசிக்க முடிந்தது. ஓர் இலக்கம் பிழைத்திருந்தால் இது வேறு யாருடைய காகிதமாகவோ இருக்கலாம் என்ற நப்பாசையில் அதை மூன்று முறை என் கைபேசியில் இருந்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றும் பிழைக்கவில்லை. அந்த உத்தியோகத்தர் என்னை அவசரப்படுத்தவில்லை. எழுந்து போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவர் மீது கோபப்பட இன்றுவரை என்னால் முடியவில்லை. தண்ணீரை நான் குடிக்கவில்லை. கையில் தடவிய ஸ்பிரிட் காய்வதற்கு முன்பே பேனையைப் பிடித்துவிட்டதால் மை பரவியது. குனிந்து, வாப்பா மணலில் விரல் பிடித்து எழுதப் பழக்கிய அதே எழுத்துகளில், தமிழில் என் பெயரை எழுதினேன்.

யாஸீன் ஓதும்போதெல்லாம் 65ஆவது ஆயத்தில் என் குரல் நின்றுவிடுகிறது. அந்நாளில் வாய்களுக்கு முத்திரையிடப்படும், கைகள் பேசும், கால்கள் சாட்சி சொல்லும் என்று அல்லாஹ் சொல்லும் இடம் அது. என் வலது கை அங்கே என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். அது பச்சை ரெக்சீனைப் பற்றியும், பரவிய மையைப் பற்றியும் சொல்லும். ஆனால் ராத்தா, அதே கைதான் வாப்பாவை ஆறு மாதம் குளிப்பாட்டியது, சோறு பிசைந்து ஊட்டியது, கொழும்புக்குக் கூட்டிப் போகும் வழியில் இரவு முழுவதும் அவருடைய நெஞ்சைத் தடவிக்கொடுத்தது. அதையும் அது சொல்லுமல்லவா? அணுவளவு நன்மையும் அணுவளவு தீமையும் காட்டப்படும் என்று ஸில்ஸால் சூராவில் இரண்டையும் சேர்த்துத்தானே வாக்களித்திருக்கிறான்?

மன்னிப்புக் கேட்க வந்தவன் வாதாடுகிறேன் என்று நினைப்பீர்கள். நினையுங்கள். கையெழுத்துப் போடாதே, அவர்கள் என்ன செய்தாலும் அந்தப் பாவம் அவர்களோடு போகட்டும் என்று நீங்கள் தொலைபேசியில் சொன்னீர்கள். அந்த டிசம்பரில் எத்தனையோ குடும்பங்கள் அப்படித்தான் மறுத்தன. அவர்களுடைய ஈமானின் உறுதியை நான் மதிக்கிறேன். எனக்கு அந்த உறுதி இருக்கவில்லை. யாரும் பொறுப்பேற்காத ஜனாஸாவாக வாப்பா அந்தக் குளிர் அறையில் நாட்கணக்கில் கிடப்பார், கடைசியில் எப்படியும் எரிப்பார்கள், அப்போது பெற்ற பிள்ளை ஒருவன் வெளியே நின்று தொழுகைகூட நடத்தியிருக்கமாட்டான் என்று பயந்தேன். காத்திருந்திருந்தால், பின்னர் கொரோனா ஜனாஸாக்கள் அடக்கப்பட்ட ஓட்டமாவடியில் அடங்கியிருப்பார் என்கிறீர்கள். எரிக்கத்தான் வேண்டும் என்ற வர்த்தமானி 2021 பெப்ரவரி இறுதியில் மாறும் என்பதும், மார்ச்சில் அங்கே முதல் கப்று தோண்டப்படும் என்பதும் டிசம்பரில் யாருக்குத் தெரியும்? அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் முன்பே சொல்லியிருந்தும் இந்த நாடு கேட்காமல் பிடிவாதமாக நின்றபோது, மேசைக்கு முன்னால் தனியாக நின்றவன் நான். நீங்கள் அல்ல.

இப்படி எழுதியதற்கும் சேர்த்து என்னைப் பொருந்திக்கொள்ளுங்கள். ஊர் அடைத்திருந்தது, உங்களால் வர முடியாது என்பதை நான் அறிவேன். உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், தொலைபேசியை அணைத்துவிட்டுக் கையெழுத்திட்டேனே, அது என் குற்றம். அதற்கு என்னிடம் எந்த வாதமும் இல்லை. வாப்பா எனக்கு மட்டும் வாப்பா இல்லை. மூத்தவர் நீங்கள். உங்கள் ஹக்கை, உங்களுக்குரிய உரிமையை, நான் எடுத்துக்கொண்டேன்.

ஹக்கு என்று சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மச்சானின் வீட்டுக் கலியாணத்தில், நூறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த பந்தலில், ‘வாப்பாவை நெருப்பில் போட்டவன்’ என்று என்னைச் சொன்னீர்கள். நெருப்பால் வேதனை செய்யும் உரிமை நெருப்பின் இறைவனுக்கு மட்டுமே உண்டு என்ற ஹதீஸைச் சிறுவயதில் எனக்குச் சொல்லித்தந்தவரே நீங்கள்தான். எறும்புப் புற்றில் நான் கொள்ளிக்கட்டையைச் செருகியபோது என் கையைத் தட்டிவிட்டுச் சொன்னீர்கள். அந்தச் சொல் எனக்குள் எங்கே போய்த் தைக்கும் என்று உங்களைவிட நன்றாக அறிந்தவர் ஒருவருமில்லை. அன்று என் மகன் என்னருகில் சஹன் தட்டில் கை வைத்தபடி இருந்தான்.

மறுமையில் வங்குரோத்தானவன் யார் என்று நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சஹாபாக்களிடம் கேட்ட ஹதீஸை நான் நான்கு வருடங்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். தொழுகை, நோன்பு, ஸக்காத் எல்லாவற்றோடும் வந்து, ஒருவரை ஏசியதற்கும் இன்னொருவரின் மேல் பழிசுமத்தியதற்கும் வேறொருவரின் பொருளைத் தின்றதற்கும் ஈடாகத் தன் நன்மைகளையெல்லாம் கொடுத்துத் தீர்த்து, பிறகு அவர்களுடைய பாவங்களையும் சுமந்துகொண்டு நரகம் போகிறவன். அல்லாஹ் தன் உரிமையை மன்னிப்பான். மனிதனின் உரிமையை அந்த மனிதனே விட்டுக்கொடுக்க வேண்டும். நீங்கள் என்னைப் பொருந்திக்கொள்ளாவிட்டால் ஹஜ்ஜில் அரபா மைதானத்தில் நின்று நான் அழுதாலும் அந்தக் கணக்குத் தீராது. அந்தப் பந்தல் பேச்சுக்காக உங்கள் நன்மைகளில் ஒன்றையும் நான் கேட்கமாட்டேன். இதை எல்லோரும் அறிய இங்கே எழுதி, அந்த ஹக்கை இப்போதே விட்டுவிடுகிறேன். உங்கள் பதிலை எதிர்பார்த்து விடவில்லை.

கப்று இல்லாத மனிதரிடம், கப்றில் கேள்வி கேட்கும் மலக்குகளான முன்கரும் நகீரும் எங்கே வருவார்கள் என்று நீங்கள் அழுதுகொண்டே கேட்டதாக என் மூத்தவள் சொன்னாள். அந்தக் கேள்விதான் என்னையும் உறங்கவிடாமல் வைத்திருந்தது. கஃபன் துணியில்லை, அடக்கியபின் ஓதும் தல்கீன் ஓதவில்லை. ஆனால் பர்ஸக் என்பது மௌத்துக்கும் எழுப்பப்படுவதற்கும் இடைப்பட்ட வாழ்வு, அது ஆறடி மண்ணுக்குள் மட்டும் அடங்கியதல்ல, கடலில் மூழ்கியவரும் காட்டு மிருகம் தின்றவரும் அங்கேதான் இருக்கிறார்கள் என்று உலமாக்கள் விளக்கியிருக்கிறார்கள். சுனாமிக்குப் பிறகு, பிள்ளையின் மையத்துக்கூடக் கிடைக்காத நம் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் வாப்பா இதைத்தான் சொன்னார். அப்போது புகாரியில் உள்ள அந்த மனிதரின் கதையையும் சொன்னாரே, நினைவிருக்கிறதா? தன்னை எரித்துச் சாம்பலைக் காற்றிலும் கடலிலும் தூவிவிடச் சொன்ன பாவி. அல்லாஹ் கடலுக்கும் தரைக்கும் கட்டளையிட்டு அவனை ஒன்றுசேர்த்து, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டான். உன் மீதுள்ள பயத்தால் என்றான். மன்னித்துவிட்டான். 2005 ஜனவரியில் நம் வாசலில் அமர்ந்து இதைச் சொன்ன மனிதருக்கு, தன் மையத்தும் சாம்பலாகும் என்று தெரியாது. யாஸீனின் இறுதியிலும், உக்கிப்போன எலும்பை யார் உயிர்ப்பிப்பார் என்று கேட்டவனுக்கு, முதலில் படைத்தவனே உயிர்ப்பிப்பான் என்றுதான் பதில் வருகிறது. தொற்றுநோயில் இறந்தவர் ஷஹீத், உயிர்த்தியாகி என்ற நபிமொழியையும் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வாப்பாவுக்கு ஒன்றும் குறையவில்லை, ராத்தா. ஒருவரின் சுமையை இன்னொருவர் சுமக்கமாட்டார் என்று குர்ஆன் சொல்கிறது. இதில் சுமை இருக்கிறதென்றால் அது எங்களுடையது.

அதற்கு உத்தரவிட்டவர்களுடையதும்தான். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. செய்தியைக் கேட்ட அன்று எனக்கு ஆறுதலும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அவர்கள் கேட்க வேண்டியது வாப்பாவிடம். அவர் பொருந்திக்கொள்வாரா என்பதை நானோ நீங்களோ சொல்ல முடியாது. கடுகளவு செயலும் கொண்டுவரப்படும் நீதித் தராசுகளை அந்நாளில் நிறுத்துவேன் என்று அல்லாஹ் சொல்லியிருக்கிறான். இங்கே எந்த மன்றிலும் எடுபடாத வழக்கு அங்கே எடுபடும் என்று நம்பாவிட்டால், என்னால் இந்த நான்கு வருடங்களைக் கடந்திருக்கவே முடியாது.

இனி, உங்களுக்குத் தெரியாத ஒன்று. மூன்றாம் நாள் அவர்கள் ஒரு மண் முட்டியைத் தந்தார்கள். வெள்ளை நூலால் வாயைக் கட்டியிருந்தது. அதை வாப்பாவின் சாரத்தில் சுற்றி, அவர் உடுப்புப் பையில் வைத்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். ஹபரணை கடந்து காட்டுப் பாதையில் பஸ் குலுங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. சுபஹுக்கு முன்பு உம்மாவின் தலைமாட்டில் முழங்கை ஆழத்துக்குத் தோண்டி வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த வரையில் தல்கீனும் ஓதினேன். மஸ்அலா, மார்க்கச் சட்டம், கேட்டுச் செய்யவில்லை. பேச்சு வரும் என்ற பயத்தில் உங்களிடம்கூட மறைத்தேன்.

அந்த இடத்தில் அடையாளம் எதுவும் இல்லை. நாலு கப்றுகளுக்கு மீசான் இருக்கும் வரிசையில் அது வெறும் தரையாகக் கிடக்கிறது. ஒருபிடி சாம்பலுக்கு மீசான் நடலாமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆலிம் ஒருவரிடம் கேட்க வேண்டும், அதற்கு முன் உங்களிடம் கேட்க வேண்டும். மூத்தவளின் கையில் இந்த வாரம் வெண்டிக்காயும் கொஞ்சம் கருவாடும் கொடுத்துவிடுகிறேன். பொருந்திக்கொண்டால் அவளிடம் சொல்லியனுப்புங்கள், வெள்ளிக்கிழமை அசருக்குப் பிறகு உங்களைக் கூட்டிப்போக வருகிறேன். முதிரைப் பலகையில் இரண்டு மீசான் கட்டைகள் செதுக்கிவைத்திருக்கிறேன். இன்னும் பெயர் வெட்டவில்லை.

வஸ்ஸலாம்,
உங்கள் தம்பி