காவல் கொட்டிலும் கேம்ப் நெருப்பும்

கிளிநொச்சி
தை மாதம்

அன்பு மச்சான்,

உன் கடிதம் வந்து இரண்டு கிழமையாகிவிட்டது. சோம்பலில் பிந்தவில்லை. கதிர் முற்றுகிற நேரம், அப்பாவுக்கு முழங்கால் நோ, காலபோகக் காவல் முழுக்க என் தலையில். காட்டுக்கரை வயல் என்பதால் பன்றிக்கும் விழித்திருக்க வேண்டும், யானைக்கும் விழித்திருக்க வேண்டும். பக்கத்து வயல் அண்ணையும் நானும் முறை வைத்துப் படுக்கிறோம்.

பகலில் பால்டர்ஸ் கேட் 3 என்ற கணினி விளையாட்டு. அது 150 ஜிபி இடம் கேட்கிறது. எத்தனை இரவு இறக்கினேன் என்று கேட்காதே, வீட்டில் யாருக்கும் இன்டர்நெட் மிச்சம் வைக்கவில்லை.

நீ ரொறொன்ரோவில் பிள்ளைகளை மேசையைச் சுற்றி இருத்தி, கதை சொல்லித் தாயம் உருட்டி நடத்துகிற அதே டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்புத்தான் இதற்கும் அடி. ஆனால் படுக்கிற விஷயத்தில் இரண்டும் வேறு வேறு. 2014 இல் வந்த புத்தகத்தில் நீண்ட ஓய்வு, அதாவது இழந்த பலமும் மந்திரமும் திரும்புகிற படுக்கை, எட்டு மணித்தியாலம், 24 மணித்தியாலத்துக்கு ஒரு தரம். அதற்கு மேல் உன் மேசையில் நீ இருக்கிறாய். "படுங்கோ, விடியிறதுக்குள்ள அவங்கள் பெட்டையைக் கொண்டு போயிடுவாங்கள்" என்று நீ சொன்னால் ஒருத்தருக்கும் நித்திரை வராது. கணினிக்குள் அப்படிச் சொல்ல ஆள் இல்லை. அந்த ஆளின் இடத்தில் எதை வைப்பது என்றுதான் ஒவ்வொரு கேமும் முழிக்கிறது.

1998 இல் வந்த முதல் பால்டர்ஸ் கேட்டில் காட்டுக்குள்ளும் படுக்கலாம். சிலவேளை பகைவன் வந்து எழுப்புவான். சேமித்து வைத்த பழைய இடத்தை லோட் பண்ணித் திரும்பப் படுத்தால் சரி. 2015 இல் வந்த பில்லர்ஸ் ஒஃப் எட்டர்னிட்டி கூடாரச் சாமானை எண்ணிக் கொடுத்தது. சாதாரண நிலையில் நாலு, கடினத்தில் இரண்டு. அது தீர்ந்தால் சத்திரத்துக்குத் திரும்பி நடக்க வேண்டும். எனக்குக் கால்தான் நொந்தது, பயம் வரவில்லை.

பிடித்தது 2018 இன் பாத்ஃபைண்டர்: கிங்மேக்கர். கேம்ப் போட்டால் ஒருவர் வேட்டைக்கு, ஒருவர் கேம்பை மறைக்க, ஒருவர் சமைக்க, காவலுக்கு முறை. எங்கள் கொட்டில் அப்படியே! பலருக்கு அது அலுப்பாம். கருவாடு சுட்டு, தேத்தண்ணி வைத்து விடியும்வரை இருந்து பார்த்தவனுக்கு அலுக்காது.

பால்டர்ஸ் கேட் 3 இல் ஒரு இரவுக்கு 40 அளவு சாப்பாடு, டக்டிசியன் என்ற கடின நிலையில் 80. ஆனால் எந்தப் பீப்பாயைத் திறந்தாலும் சாப்பாடு, பிறகு என்ன விலை? நான் நல்லபிள்ளையாக நித்திரையைச் சிக்கனம் பிடித்தேன். கூட வருகிறவர்கள் மனம் திறப்பது பெரும்பாலும் கேம்பில் என்று பிந்தித்தான் தெரிந்தது, பாதிக் கதை போய்விட்டது. ஒரேயொரு இடத்தில்தான் உன்னைப் போல ஒருவன் உள்ளே இருப்பதாக நினைத்தேன்: எரிகிற சத்திரம் ஒன்று. அதைக் கண்ட பிறகு படுத்து எழும்பினால் உள்ளே சிக்கியவர்களைக் காப்பாற்ற முடியாது.

உன் மருமகன் தன் ஆளான வார்லொக் மந்திரவாதி சோப்பிளாங்கி என்று அழுததாக எழுதியிருந்தாய். பிழை பொடியனில் இல்லை, உன்னில். வார்லொக்குக்கு ஒரு மணித்தியாலக் குறு ஓய்விலேயே மந்திரம் திரும்பும், விசார்ட் என்ற மற்ற மந்திரவாதிக்குப் பெரும்பாலும் நீண்ட ஓய்வு வேண்டும். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் நீ எல்லாரையும் படுக்க விட்டால் அவனுக்கு என்ன மிச்சம்? 2014 இன் நடத்துநர் புத்தகத்தில் ஒரு மாற்று விதி இருக்கிறது: குறு ஓய்வு எட்டு மணித்தியாலம், நீண்ட ஓய்வு ஏழு நாள். ஒரு மாதம் அப்படி நடத்திப் பார்.

என் கதையைக் கேள். போன வெள்ளி என் முறையில் கண்ணயர்ந்துவிட்டேன், குறு ஓய்வுதான், அரை மணித்தியாலம் இருக்கும். வடக்கு மூலையில் இரண்டு யானை. அண்ணை வெடி கொளுத்தித்தான் கலைத்தார். போன நெல்லைப் பற்றி அப்பா ஒரு சொல் சொல்லவில்லை. அண்ணைதான் இப்போது என் முறையிலும் எழும்பி எழும்பிப் பார்க்கிறார்.

சித்திரைக்கு யாராவது இந்தப் பக்கம் வந்தால் இருபது முகத் தாயக்கட்டை இரண்டு கொடுத்துவிடு. கொட்டிலில் அண்ணைக்குப் பழக்கப் போகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்